என் படங்கள், அவள் எழுத்து

முப்பத்தாறாவது வயதில் நான் மறுபடியும் பென்சில் டப்பா வாங்கினேன். அதற்குக் காரணம் மேடம்.

கொச்சியில், மட்டாஞ்சேரியில் ஒரு சின்ன ரத்தப் பரிசோதனை லேபில் அப்போது ஐந்து வருடமாகக் கண்ணாடிச் சாமான்கள் கழுவிக்கொண்டிருந்தேன். லேப் என்றால் இரண்டு அறைதான். முன்னறையில் நாற்காலிகளும் ரத்தம் எடுக்கும் மேசையும். பின்னறையில் மைக்ராஸ்கோப், இரண்டு மூன்று மெஷின்கள், ஒரு மூலையில் என் தொட்டி. காலை ஆறரைக்குப் போனால் மதியம் இரண்டு மணிவரை டெஸ்ட் ட்யூபும் ஸ்லைடும் பிப்பெட்டும் கழுவி, ஸ்பிரிட்டில் முக்கி, காயவைப்பேன். லேபை நடத்திய டாக்டரை எல்லோரும் மேடம் என்போம். அதிர்ந்து பேசமாட்டார். தப்புச் செய்தால் கண்ணாடியைக் கழற்றிவிட்டு நம்மையே பார்ப்பார்.

ஒருநாள் கை துடைத்துக்கொண்டிருந்தபோது கூப்பிட்டார். மலையாளத்தில்தான் பேசுவார், தமிழ் அவருக்குப் புரியும், பேச வராது. முன்னால் உட்கார்ந்து சாம்பிள் வாங்கி, பெயர் எழுதி ஒட்டுகிற சேச்சி அடுத்த வருடம் மகளோடு மஸ்கட்டுக்குப் போகப்போகிறாராம்.

"நீ பத்தாம் கிளாஸ் பாஸ்தானே? கம்யூனிட்டி காலேஜில் அடிப்படை பயாலஜி ஒரு வருஷம் படி. வாரத்தில் மூணு நாள் சாயங்கால வகுப்புதான். சர்ட்டிபிகேட்டோடு வந்தால் அந்த நாற்காலி உனக்கு."

வீட்டில் சொன்னேன். என் வீட்டுக்காரர் வெலிங்டன் தீவில் ஒரு கிடங்கில் சுமை ஏற்றும் வேலை பார்க்கிறவர். தேனிப் பக்கத்திலிருந்து கல்யாணம் முடிந்த கையோடு என்னை இங்கே கூட்டிவந்தவர்.

"இந்த வயசுல போயி தவளை அறுக்கப் போறியாக்கும்" என்று சிரித்தார். அப்புறம் அவராகவே, "அந்த மூணு நாளும் நான் வந்து சோறு வடிச்சுக்கிறேன். நீ போ" என்றார்.

விண்ணப்பத்தில் ஒரு கட்டம் இருந்தது. எந்தெந்த மொழி எழுதப் படிக்கத் தெரியும் என்று. தமிழுக்கு டிக் போட்டேன். இங்கிலீஷுக்குப் போட்டேன், எழுத்து கூட்டிப் படிப்பேன், அதனால் அது முழுப் பொய்யில்லை என்று சமாதானம் செய்துகொண்டேன். மலையாளத்துக்கும் போட்டேன். பதினைந்து வருடமாக அந்த மொழியில்தான் மீன் வாங்குகிறேன், சண்டை போடுகிறேன், மகளின் பள்ளிக்கூடத்தில் பேசுகிறேன். ஆனால் எழுத்து? பஸ் போர்டில் எங்கள் ஊர்ப் பெயரின் வடிவம் தெரியும். அவ்வளவுதான். அந்த டிக் நான் போட்டது. யாரும் என் கையைப் பிடித்துப் போடவைக்கவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

காலேஜ் பஜார் ரோட்டில் ஒரு பழைய கட்டடத்தின் மாடியில் இருந்தது. கீழே சுக்கு மூட்டைகள். வகுப்பில் பதினான்கு பேர். பன்னிரண்டாவதில் தோற்றவர்கள், கல்யாணமாகிப் படிப்பை விட்டவர்கள், வளைகுடாவிலிருந்து திரும்பி என்ன செய்வதென்று தெரியாமல் வந்த ஒருவர். பாடம் எடுத்த மிஸ் என்னைவிடப் பத்து வயது இளையவர். தினமும் திருப்பூணித்துறையிலிருந்து இரண்டு பஸ் மாறி வருவார். முதல்நாள் போர்டில் மலையாளத்தில் ஒரு வரி, இங்கிலீஷில் ஒரு வரி என்று எழுதிக்கொண்டே போனார். நான் கடைசி பெஞ்சில் நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டு, எழுதுகிறவள் மாதிரி பேனாவை அசைத்துக்கொண்டிருந்தேன். காதால் கேட்டது எல்லாம் புரிந்தது. தாளில் ஒன்றும் இல்லை.

மூன்றாவது வகுப்பில் வெங்காயத் தோல். வெங்காயத்தின் உள்மடிப்பிலிருந்து கண்ணாடிக் காகிதம் போன்ற தோலை உரித்து, ஸ்லைடில் பரப்பி, அயோடின் ஒரு சொட்டு விட்டு, மேலே மெல்லிய கண்ணாடி வில்லையை மூடிப் பார்க்கவேண்டும். ஸ்லைடு எனக்குப் பழகிய பொருள். எத்தனை ஆயிரம் கழுவியிருப்பேன்! அதில் மற்றவர்கள் என்ன பார்த்தார்கள் என்று ஒருதரம்கூடக் குனிந்து பார்த்ததில்லை. அன்று பார்த்தேன். செங்கல் சுவர் மாதிரி வரிசை வரிசையாக அறைகள். ஒவ்வொரு அறையிலும் ஓரமாக ஒதுங்கிய ஒரு பழுப்புப் புள்ளி. தினமும் குழம்புக்கு அரிகிற வெங்காயத்துக்குள் இத்தனை வீடுகளா என்று வாயைத் திறந்தவள் மூட மறந்துவிட்டேன்.

"புத்தகத்தில் இருப்பதை வரையாதீர்கள். கண்ணில் தெரிவதை வரையுங்கள்" என்றார் மிஸ்.

வரைந்தேன். படம் எனக்குச் சின்ன வயதிலிருந்தே வரும். பள்ளிக்கூடத்தில் அறிவியல் நோட்டில் பாதி வகுப்புக்கு நான்தான் இதயமும் சிறுநீரகமும் போட்டுக்கொடுத்தேன். எனக்குப் பக்கத்தில் ஒரு கறுப்பு பர்தா போட்ட பெண். இருபத்து மூன்று வயது இருக்கும். அவள் நோட்டில் தடித்த விளிம்போடு ஒரு பெரிய வட்டம். மிஸ் குனிந்து பார்த்துச் சிரித்தார்.

"இது செல் இல்லை. காற்றுக் குமிழி. மூடும்போது உள்ளே மாட்டிக்கொண்டது."

வகுப்பே சிரித்தது. அவள் முகம் சுண்டிவிட்டது. மிஸ் நகர்ந்ததும் அவள் நோட்டை என் பக்கம் இழுத்து, ரப்பரால் அழித்து, நான்கு வரிசை செல்களைப் போட்டுக் கொடுத்தேன். அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"அக்கா தமிழா?" என்றாள்.

"ஆமா. நீ?"

"எங்க வீட்லயும் தமிழ்தான். வாப்பாவோட வாப்பா காலத்துலயே இங்க வந்தாச்சு. பேச மட்டும்தான் வரும். எழுத்தெல்லாம் மலையாளமும் இங்கிலீஷும்தான்." அப்புறம் என் நோட்டைப் பார்த்தாள். படத்துக்கு எதிர்ப் பக்கம் வெறுமையாக இருந்தது. "அக்கா எழுதலியா?"

ஏன் சொன்னேன் என்று பலமுறை யோசித்திருக்கிறேன். தமிழில் கேட்டாள் என்பதால் இருக்கும். அல்லது அவள் தலைகுனிவை நான் பார்த்துவிட்டதால், என்னுடையதையும் காட்டிவிட வேண்டும் என்று தோன்றியதோ என்னவோ.

"எனக்கு எழுதத் தெரியாது புள்ள. மலையாளம் ஒரு எழுத்தும் தெரியாது. இங்கிலீஷு எழுதுனா ஒரு வரிக்கு அரைமணி ஆகும். இத யார்ட்டயும் சொல்லிப்புடாத."

"ஞான் ஆருட்ட சொல்லப்போறேன்?" என்றாள். என் நோட்டை இழுத்துக்கொண்டு கடகடவென்று இங்கிலீஷில் எழுத ஆரம்பித்தாள்.

இப்படித்தான் தொடங்கியது. அதற்கப்புறம் எல்லா ரெக்கார்டும் அப்படியே. இரண்டு நோட்டிலும் படம் நான் போடுவேன். இரண்டு நோட்டிலும் எழுத்து அவள் எழுதுவாள். வகுப்பு முடிந்ததும் படகுத்துறைக்குப் பக்கத்தில் ஒரு சாயாக்கடை பெஞ்சில் உட்கார்ந்து முடிப்போம். நான் காலையில் கட்டிக்கொண்டு போன புளிக்குழம்புச் சோற்றில் பாதியை அவளுக்காக மிச்சம் வைத்திருப்பேன். அவளுக்கு அது பிடிக்கும். எழுதிக்கொண்டே எனக்குத் தமிழில் விளக்குவாள். நான் வரைந்துகொண்டே கேட்பேன். கன்னத்தின் உட்புறத்தைப் பல்குச்சியால் சுரண்டி எங்கள் செல்லையே பார்த்த நாளில் அவள் தவறுதலாக நீலச் சாயக் கையால் வாயைத் துடைத்துவிட்டாள். உதடெல்லாம் நீலம். அப்படியே சாயா குடித்தாள். கடைச் சேட்டன் என்ன நோய் என்று பயந்துபோய்க் கேட்டார். அன்று சிரித்த மாதிரி நான் இந்த ஊருக்கு வந்த பிறகு சிரித்ததில்லை.

இறாலின் கால்களை ஒவ்வொன்றாகப் பிரித்து அட்டையில் வரிசைப்படி ஒட்டும் பாடத்தில், வகுப்பில் எல்லோரையும்விட அவள்தான் வேகம். அவள் உம்மா இறால் உரிக்கும் கொட்டகையில் வேலை செய்தவர். பள்ளி விடுமுறையில் இவளும் போவாளாம். "இதுக்கு இத்தர காலுண்டுன்னு அப்ப ஞான் பாத்ததே இல்ல அக்கா. ஓட்ட உரிச்சு எறிஞ்சிட்டேயிருப்போம்" என்றாள். எனக்கு என் ஸ்லைடுகள் ஞாபகம் வந்தன. இருவரும் ஒரே ஜாதி என்று நினைத்துக்கொண்டேன்.

அவள் வீட்டு நிலைமையையும் சொல்லியிருக்கிறாள். அவள் வாப்பா ஒரு வருடம் அவகாசம் கொடுத்திருக்கிறார். அதற்குள் படித்து ஒரு வேலையில் ஒட்டிக்கொண்டால் சரி. இல்லையென்றால் பார்த்து வைத்திருக்கிற இடத்தில் நிக்காஹ். மாப்பிள்ளை வீட்டில் வேலைக்குப் போவதற்குச் சம்மதம் இல்லை. ஏற்கெனவே வேலையில் இருக்கிற பெண் என்றால் மட்டும் பேசிப் பார்க்கலாம். நான் பதிலுக்கு என் நாற்காலியைப் பற்றிச் சொன்னேன். மஸ்கட் போகிற சேச்சி, மேடம் சொன்ன வார்த்தை, எல்லாம். பெருமையாகத்தான் சொன்னேன்.

"பெரிய மைக்ராஸ்கோப் உண்டோ அங்க?" என்று கேட்டாள்.

"வா, காட்டுறேன்."

ஒரு வியாழக்கிழமை மதியம் கூட்டிக்கொண்டு போனேன். மேடம் நல்ல மனநிலையில் இருந்தார். ஒரு ரத்த ஸ்லைடை வைத்து எங்கள் இருவரையும் பார்க்கச் சொன்னார். அவள் பார்த்துவிட்டு, "சிவப்பு அணுவில் நியூக்ளியஸ் இல்லையே மேடம், அப்போ அதை உயிருள்ளது என்று சொல்லலாமா?" என்று கேட்டாள். மேடம் கண்ணாடியைக் கழற்றினார். பத்து நிமிஷம் நின்றபடியே விளக்கம் சொன்னார். ஐந்து வருடத்தில் என்னோடு அவ்வளவு நேரம் பேசியதில்லை. எனக்குப் பொறாமை வரவில்லை. கூடப்பிறந்தவளைக் கூட்டிவந்து காட்டிய மாதிரி இருந்தது. திரும்பி நடக்கும்போது, "நீ கேட்ட கேள்விய நான் வீட்டுல போயி அவருகிட்டயும் கேக்கப் போறேன்" என்றேன். கேட்கவும் செய்தேன்.

பரீட்சைக்கு ஐந்து வாரம் இருந்தது. மகளின் பள்ளியில் பெற்றோர் கூட்டம் என்று ஒரு சனிக்கிழமை லேபுக்கு லீவு போட்டேன். அதை முந்தின நாள் அவளிடமும் சொல்லியிருந்தேன். திங்கள்கிழமை லேபுக்குள் நுழைந்ததும் மேடம் கூப்பிட்டார். மேசையில் ஒரு காலி ட்யூபும் லேபிள் தாளும் பேனாவும் இருந்தன.

"நான் ஒரு பேர் சொல்றேன். எழுதி ஒட்டு."

ஒரு பெண்ணின் முழுப்பெயரைச் சொன்னார். இந்த ஊரில் தெருவுக்கு நான்கு பேருக்கு இருக்கிற பெயர். நான் பேனாவை எடுத்தேன். இங்கிலீஷில் முதல் எழுத்து எது என்றே குழம்பியது. காதில் கேட்பது ஒன்று, எழுதுவது வேறொன்று என்று அந்த மொழி படுத்துகிற பாடு. எழுதினேன். அடித்தேன். மறுபடி எழுதினேன். லேபிள் சின்னது, அடித்தலுக்கு மேல் இடமில்லை. முன்னறையில் ஒரு கிழவர் இருமினார். மேடம் ட்யூபை வாங்கிப் பார்த்தார். அவர் சொன்ன பெயர் அதில் இல்லை. வேறு யாரோ ஒருத்தியின் பெயர் இருந்தது.

"உன் கூட்டுக்காரி சொன்னது சரிதான்" என்றார்.

எனக்கு முதலில் விளங்கவில்லை.

"சனிக்கிழமை வந்திருந்தாள். உன் ரெக்கார்டு எல்லாம் அவள்தான் எழுதிக் கொடுத்தாளாம். எனக்கு உன்மேல் கோபம் இல்லை. ஆனால் ஒரு பேர் மாறினால் ஒருத்தருடைய ரிசல்ட் இன்னொருத்தர் கைக்குப் போகும். அதை வைத்து மருந்து கொடுப்பார்கள். நீ என்னிடம் சொல்லியிருக்க வேண்டும்."

சொல்லியிருக்க வேண்டும்தான். தலையாட்டினேன். அப்புறம் என் வாயிலிருந்து ஒன்று வந்தது. "அவ நோட்டில் இருக்கிற படமெல்லாம் நான் வரைந்தது, மேடம்."

மேடம் கனிவாகத்தான் சொன்னார்: "லேபில் படம் வரையும் வேலை இல்லையே."

அன்று கழுவியதில் இரண்டு பிப்பெட் உடைந்தது.

சாயங்காலம் காலேஜ் மாடிப்படியில் அவளை நிறுத்தினேன். மற்றவர்கள் எங்களைத் தாண்டி ஏறிப் போனார்கள்.

"மேடத்தப் பாக்கப் போனியா?"

"போனேன்."

"நான் இல்லாத அன்னிக்கிப் பாத்துப் போனியா?"

அவள் பர்தாவின் கைநுனியைச் சுருட்டிக்கொண்டிருந்தாள். "ஞான் பொய்யொண்ணும் சொல்லலியே அக்கா. மேடம் கேட்டாங்க, அவங்களுக்கு எழுத அறியுமான்னு. பின்னே ஞான் எந்தா சொல்றது?"

"மேடம் எதுக்குடி அதக் கேக்கப் போறாங்க? அஞ்சு வருசமாக் கேக்காதவங்க, நீ போன அன்னிக்கி மட்டும் எப்பிடிக் கேப்பாங்க?"

கைநுனியை விட்டுவிட்டு மெதுவாகச் சொன்னாள்: "அக்காக்கு வீடு உண்டு, சேட்டன் உண்டு, பிள்ள உண்டு. எனக்கு இது ஒண்ணு மட்டும்தான்."

"என்கிட்ட கேட்டிருந்தா..." என்று ஆரம்பித்தேன். ஆரம்பித்துவிட்டு நின்றுபோனேன். கேட்டிருந்தால் கொடுத்திருப்பேனா? கொடுத்திருக்க மாட்டேன். அது அவளுக்கும் தெரிந்திருந்தது. அதனால்தான் கேட்கவில்லை. என் சோற்றில் பாதியைச் சாப்பிட்டுக்கொண்டே இதையெல்லாம் எண்ணிப் பார்த்திருக்கிறாள் என்பதுதான் எனக்குத் தாங்கவில்லை. எந்தச் சாயங்காலம் முடிவு செய்திருப்பாள்? நான் நீல உதட்டைப் பார்த்துச் சிரித்தபோதா? மைக்ராஸ்கோப்பில் குனிந்தபோதா? அந்தக் கேள்வியை இன்றுவரை என்னால் விடமுடியவில்லை. நடந்ததையெல்லாம் பின்னோக்கிப் போய்ப் போய்த் தொட்டுப் பார்த்தேன். எது நிஜம், எது இல்லை என்று பிரிக்க முடியவில்லை. நல்ல நாட்கள் எல்லாமே கெட்டுப்போன மாதிரி ஆகிவிட்டது.

அடுத்து நான் செய்தது பெருமைப்படத்தக்கது இல்லை.

ரெக்கார்டு நோட்டுகளைக் கையெழுத்துக்கு வைக்கும் நாள் வந்தது. மிஸ் ஒவ்வொன்றாகப் புரட்டிக்கொண்டிருந்தார். அவள் நோட்டைத் திறந்து, "படங்கள் எவ்வளவு அழகு, பாருங்கள்" என்று வகுப்புக்குத் தூக்கிக் காட்டினார். நான் எழுந்து நின்றேன்.

"மிஸ், அது அவ போட்ட படம் இல்லை. எல்லாம் நான் போட்டது."

அவள் என்னைத் திரும்பிப் பார்க்கவேயில்லை. மிஸ்ஸைப் பார்த்தே சொன்னாள், மலையாளத்தில், தெளிவாக: "அப்போ சேச்சியோட நோட்டை எழுதினது யாருன்னு கேளுங்க, மிஸ்."

சேச்சி. அதுவரை அவள் என்னை அக்கா என்று மட்டும்தான் கூப்பிட்டிருந்தாள்.

மிஸ் இருவரையும் முன்னால் வரச் சொன்னார். குளத்துத் தண்ணீரில் எடுத்த பாரமீசியம் ஸ்லைடு ஒன்றை வைத்தார். அவளைப் படம் வரையச் சொன்னார். என்னை அதைப் பற்றி ஐந்து வரி எழுதச் சொன்னார். பாரமீசியம் செருப்பு வடிவம் என்று பாடத்தில் இருந்ததால் அவள் உண்மையிலேயே ஒரு செருப்பை வரைந்து வைத்தாள். வார் மட்டும்தான் இல்லை. நான் பத்து நிமிஷத்தில் ஒரு வரி எழுதினேன். அதிலும் பாரமீசியம் என்ற சொல் பாதியில் நின்றது. யாரோ சிரித்தார்கள். மிஸ் சிரிக்கவில்லை. அவர் கண் கலங்கியிருந்ததைப் பார்த்தேன். அவரையும் நாங்கள் ஒரு வருடமாக ஏமாற்றியிருக்கிறோம் என்பது அப்போதுதான் என் மண்டையில் ஏறியது.

"பத்து நாள் தருகிறேன். இரண்டு பேரும் புது நோட்டு. இருபது பாடமும் முதலிலிருந்து. அவரவர் கையால், இந்த அறையில், என் கண்ணெதிரே" என்றார்.

மைக்ராஸ்கோப் மொத்தம் இரண்டுதான். ஒன்று ரிப்பேர். அதனால் மறுபடியும் ஒரே பெஞ்ச். பத்து நாளும் நாங்கள் ஒரு முழம் இடைவெளியில் உட்கார்ந்து, பேசாமல், அவரவர் நோட்டை நிரப்பினோம்.

எனக்குப் பார்த்து எழுத இருந்தது என் பழைய நோட்டு மட்டும்தான். அதாவது அவள் எழுத்து. மலையாளத்தில் ஐம்பதுக்கு மேல் எழுத்து. இங்கிலீஷ் இருபத்தாறோடு முடிந்துவிடுகிறது என்று இங்கிலீஷையே பிடித்துக்கொண்டேன். ஒவ்வொரு எழுத்தையும் படம் போடுகிற மாதிரி அவள் எழுத்திலிருந்து பார்த்துப் போட்டேன். வீட்டுக்கு வந்து மகளிடம் அந்தச் சொல் எப்படி வாயில் வரும் என்று கேட்டுக்கொண்டு மறுநாள் போவேன். ஐந்தாறு நாளில் ஒரு பக்கத்தை ஒரு மணி நேரத்தில் முடிக்க வந்துவிட்டது. அவள் 'ஜி' எழுத்தின் வாலை இடதுபக்கமாக ஒரு சுழி சுழித்து விடுவாள். என் கையும் அப்படியே பழகிவிட்டது. இன்றும் அந்தச் சுழியைப் போட்டுவிட்டுத்தான் எனக்கு உறைக்கிறது. மாற்றப் பார்த்தேன். வரவில்லை.

அவளுக்கு என் படங்கள்தான் பாடம். அடித்து அடித்து வரைந்துகொண்டிருந்தாள். ஏழாவது நாளோ எட்டாவது நாளோ, இலைத்துளையின் இரண்டு காவல் செல்களைப் போட்டுவிட்டு, நிழல் கொடுப்பதற்காகப் பென்சிலைத் தேய்த்துத் தேய்த்து அழுக்காக்கிவிட்டாள். பெருமூச்சு விட்டாள். எனக்கு மட்டும் கேட்கிற குரலில், "இது எப்படிப் போடறது அக்கா?" என்றாள்.

"தேய்க்காத. புள்ளி புள்ளியா வையி" என்று சொல்லிவிட்டேன். வாய் தானாகச் சொல்லிவிட்டது. சொன்ன பிறகு என்மேலேயே எரிச்சல் வந்தது. அவள் புள்ளி வைக்க ஆரம்பித்தாள். அதற்குமேல் நாங்கள் பேசவில்லை.

பரீட்சையில் இருவரும் தேறினோம். அவள் முதல் வகுப்பு. நான் தட்டித் தடவிப் பாஸ். சான்றிதழ் வாங்கும் அன்று மிஸ் என் கையைப் பிடித்துக்கொண்டு, "உங்கள் இரண்டாவது நோட்டை அடுத்த வருஷப் பிள்ளைகளுக்குக் காட்ட நான் வைத்துக்கொள்ளட்டுமா?" என்று கேட்டார். கொடுத்துவிட்டேன்.

மழை தொடங்கிய மாதத்தில் மஸ்கட் சேச்சி விடைபெற்றுப் போனார். அந்த நாற்காலியில் அவள் வந்து உட்கார்ந்தாள். மேடம் முதல்நாளே என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "உனக்கு வருத்தம் இருக்கும். ஆனால் லேபுக்கு எது சரியோ அதைச் செய்தேன்" என்றார். நான் சரி என்றேன். கோபத்தில் வேலையை விட்டுவிடுகிற வசதி எங்கள் வீட்டில் இல்லை. என் தொட்டிக்கே திரும்பினேன்.

மூன்று மாதம் அப்படிப் போனது. "சேச்சி, ஸ்லைடு காஞ்சுதோ?" என்று கதவருகே வந்து கேட்பாள். "காஞ்சிருச்சு" என்பேன். ஊர்க்காரர்களுக்கு அவளைப் பிடித்துப்போனது. வயதானவர்களிடம் பொறுமையாகப் பேசுவாள். தமிழ்க்காரர்கள் வந்தால் தமிழில் பேசுவாள். ஒரு லேபிளாவது தப்பாக எழுதமாட்டாளா என்று நான் காத்திருந்தேன் என்பதை மறைக்கப்போவதில்லை. கழுவப்போகிற ஒவ்வொரு ட்யூபின் லேபிளையும் கிழிக்கும் முன்னால் படித்துப் பார்ப்பேன். அதற்குள் எனக்குப் படிக்க வந்திருந்தது. ஒன்றுகூடத் தப்பில்லை. அவள் நன்றாக வேலை செய்தாள். அது என்னை இன்னும் அதிகமாகக் குத்தியது. அவள் கெட்டவளாகவோ, சோம்பேறியாகவோ இருந்திருந்தால் நான் யாரிடமாவது சொல்லித் தீர்த்திருப்பேன். என் வீட்டுக்காரரிடம் சொன்னபோது, "அந்தப் புள்ள சொன்னது உண்மைதான" என்றார். அன்று அவரோடும் பேசவில்லை.

மிஸ் ஒருநாள் போன் செய்தார். எர்ணாகுளத்தில் பிராட்வே பக்கம் ஒரு பெரிய லேபில் சாம்பிள் வாங்க ஆள் கேட்கிறார்களாம். "கையெழுத்தைப் பற்றிப் பயப்பட வேண்டாம். அங்கே எல்லாம் மெஷின்" என்றார். போனேன். அது உண்மை. கம்ப்யூட்டரில் ஒரு பெண் பெயரைத் தட்டுகிறாள். மெஷின் கோடு கோடாகப் போட்ட ஸ்டிக்கரைத் துப்புகிறது. நான் எடுத்து ட்யூபில் ஒட்டி, ஆளிடம் பெயரை ஒருதரம் கேட்டுச் சரிபார்த்து, பெட்டியில் அடுக்குகிறேன். நாள் முழுக்க ஒரு எழுத்துகூட எழுத வேண்டியதில்லை. முதல்நாள் அந்த ஸ்டிக்கர் மெஷினையே பார்த்துக்கொண்டு நின்றேன். சிரிப்பும் வரவில்லை, அழுகையும் வரவில்லை.

மேடத்திடம் சொல்லிக்கொண்டு கிளம்பிய அன்று அவள் முன்னறையில் ஒரு குழந்தையின் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் எழப்போனாள். நான் நிற்கவில்லை.

அப்புறம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் உம்மாவோடு எங்கள் வீட்டுக்கு வந்தாள். நிக்காஹ் பத்திரிகை. வேலைக்குப் போக மாப்பிள்ளை வீட்டில் சம்மதித்துவிட்டார்களாம். அவள் உம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீங்கதான் இவளுக்கு வேல வாங்கிக் கொடுத்ததுன்னு சொன்னா. அல்லாஹ் உங்களுக்கு நல்லது செய்வான்" என்றார். நான் அவளைப் பார்த்தேன். அவள் தரையைப் பார்த்தாள். வீட்டில் அப்படித்தான் சொல்லி வைத்திருக்கிறாள். எந்த அர்த்தத்தில் சொன்னாளோ.

சாயா போட்டுக் கொடுத்தேன். வாசல்வரை போனவள் திரும்பி, "அக்கா கட்டாயம் வரணும்" என்றாள்.

"வர்றேன்" என்றேன். போகவில்லை. என் வீட்டுக்காரரும் மகளும் போய்விட்டு வந்தார்கள். "உன்னயத்தான் கேட்டுச்சு, வாசல வாசலப் பாத்துச்சு" என்றார் அவர். நான் துணி மடித்துக்கொண்டிருந்தேன். மன்னிக்கவும் இல்லை, சபிக்கவும் இல்லை. அவளுக்கு அந்த வேலை தேவை என்பது எனக்குப் புரிகிறது. மேடம் செய்தது சரி என்பதும் புரிகிறது. எல்லாம் புரிந்தும், அவள் என்னிடம் முதலில் வந்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம் என்ற இடத்திலேயே மனசு போய் நிற்கிறது.

புது லேபில் என் பக்கத்து மேசையில் காயங்குளத்துக்காரி ஒருத்தி. என் வயதுதான். நல்லவள். மதியம் அவள் டப்பாவிலிருந்து கப்பைக்கிழங்கும் மீன்கறியும் என் மூடியில் எடுத்து வைப்பாள். நானும் என் குழம்பைக் கொடுப்பேன். பிள்ளைகளைப் பற்றி, பஸ்ஸைப் பற்றி, மழையைப் பற்றிப் பேசுவோம். எங்கே படித்தாய், முன்னால் எங்கே வேலை செய்தாய் என்று அவள் இரண்டு மூன்று தரம் கேட்டிருக்கிறாள். மட்டாஞ்சேரியில் என்று மட்டும் சொல்லிவிட்டு, குழம்புக்கு உப்புப் போதுமா என்று கேட்கிறேன்.